நண்பகலில் தெரிந்து மாலையில் எழும்பும் பொய்த் தரை

மட்டக்குளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பவர். விடுமுறையில் மாமாவின் நெடுநாள் படகில் கொழும்புக்கு மேற்கே போயிருக்கிறார். நண்பகலில் படகின் எதிரொலிமானித் திரையில் (ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் ஆழத்தைக் காட்டும் கருவி), 350 மீற்றர் ஆழத்தில், தடித்த பட்டை ஒன்று தரையைப் போல நீண்டு கிடந்திருக்கிறது. கடல் வரைபடத்தின்படி அங்கே ஆழம் இரண்டாயிரம் மீற்றருக்கும் மேல். பொழுது சாயச் சாய அந்தப் பட்டை எழும்பி, இருட்டியதும் படகின் அடிக்கே வந்துவிட்டது. “அது பொய்த் தரை, அதைக் கணக்கில் எடுக்காதே” என்று மாமா சொல்லியிருக்கிறார். அது என்ன, ஓர் அங்குலம்கூட வராத உயிர்களை அவ்வளவு ஆழத்தில் ஒலியால் எப்படிக் காண முடிகிறது, அங்கே எவ்வளவு உயிர் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசிக் கேள்விக்கு அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். இந்தத் துறையில் பெரும் பிழைகள் பிறப்பது அங்கேதான்.

தம்பி, மாமா சொன்ன பெயராலேயே ஆராய்ச்சியாளர்களும் இதை அழைத்ததுண்டு. 1942இல், உலகப் போர்க் காலத்தில், கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கு அப்பால் ஐரிங், கிறிஸ்டென்சன், ரெய்ற் என்ற மூவர் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிப்பதற்கான ஒலிச் சோதனைகளைச் செய்தபோது, சில நூறு மீற்றர் ஆழத்திலிருந்து தொடர்ச்சியான எதிரொலி வந்தது. தரை அங்கே இல்லை. 1945இல் ஸ்கிறிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஜோன்சன் அந்த அடுக்கை இரவும் பகலும் பின்தொடர்ந்து, அது மாலையில் ஏறி விடியலில் இறங்குவதைக் காட்டினார். நாள் தவறாமல் சூரியனைப் பார்த்து ஏறி இறங்குவது உயிராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அது சரியாகவே முடிந்தது. நீங்கள் பார்த்ததும் அதையேதான். விளக்கு மீன்கள், சிறு இறால்கள், கணவாய்க் குஞ்சுகள், சைபனோபோர் எனப்படும் கொடி போன்ற சொறிமுட்டை (ஜெலிமீன்) இனங்கள் என்று பலவும் கலந்த கூட்டம். பகலில் கண்ணால் வேட்டையாடும் பெரிய மீன்களுக்கு அஞ்சி இருளுக்குள் இறங்கிக் கிடக்கின்றன. இரவில் மேலே வந்து மேய்கின்றன. ஐந்து சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு விளக்கு மீன் முந்நூறு மீற்றர் ஏறுகிறது என்றால், தன் உடல் நீளத்தைப் போல ஆறாயிரம் மடங்கு தூரம்! அதையும் ஒவ்வொரு மாலையும் செய்கிறது. பூமியில் எடையால் இதைவிடப் பெரிய அன்றாட இடப்பெயர்வு வேறு இல்லை.

பட்டை உயிர்தானா என்று உறுதிசெய்ய உங்கள் படகிலேயே ஒரு வழி உண்டு. எதிரொலிமானி ஒரு துடிப்பை அனுப்பி, அதன் பதில் வரும் வரை காத்திருந்து, அடுத்ததை அனுப்புகிறது. ஆழமான தரையிலிருந்து தாமதமாக வரும் முந்தைய துடிப்பின் எதிரொலி, அடுத்த துடிப்பின் கணக்கில் விழுந்து, நடுநீரில் தரை இருப்பதுபோலக் காட்டிவிடும். அப்படி வந்த போலிக் கோடு, திரையின் ஆழ எல்லையை மாற்றித் துடிப்பின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்ததும் இடம் மாறிவிடும். உயிரடுக்கு அதே ஆழத்தில் அசையாமல் நிற்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தப் பட்டையையும் நான் நம்புவதில்லை.

இனி, சிறியவற்றை ஒலி எப்படிக் காண்கிறது என்பது. கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடுகிறது. 350 மீற்றர் போய்த் திரும்ப அரைச் செக்கன்கூட ஆகாது. ஆய்வுக் கப்பல்களில் வழக்கமாகப் பயன்படும் மீடிறன்கள் 18, 38, 70, 120, 200 கிலோஹேர்ட்ஸ் (மீடிறன் என்பதை இந்தியப் பாடநூல்கள் அதிர்வெண் என்கின்றன). 38 கிலோஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் நான்கு சென்ரிமீற்றர். 200 கிலோஹேர்ட்ஸ் என்றால் ஏழரை மில்லிமீற்றர். அலைநீளத்தைவிட மிகச் சிறிய உடலில் பட்ட ஒலி பெரும்பாலும் அதைக் கடந்து போய்விடுகிறது; சிறு துளிதான் திரும்புகிறது. அப்படிப்பட்ட உடலுக்கு, மீடிறனை இரட்டித்தால் எதிரொலி பதினாறு மடங்காகிறது. ஆகவே ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவான துடுப்புக்காலிகள் என்ற மிதவை உயிர்களைக் காண வேண்டுமானால் உயர்ந்த மீடிறன் வேண்டும்.

இங்கே ஒரு முரண். உயர்ந்த மீடிறனைக் கடல்நீர் விரைவாக உறிஞ்சிவிடுகிறது. 38 கிலோஹேர்ட்ஸ் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் வரை பயன் தரும். 120 கிலோஹேர்ட்ஸ் இருநூற்றைம்பது மீற்றர் அளவில் களைத்துவிடும். 200 கிலோஹேர்ட்ஸ் நூற்றைம்பதைத் தாண்டுவதே சிரமம். சின்ன உயிர்களைக் காணக்கூடிய ஒலி ஆழத்துக்குப் போகாது. ஆழத்துக்குப் போகும் ஒலிக்குச் சின்ன உயிர்கள் தெரியா. அப்படியானால் உங்கள் திரையில் 350 மீற்றரில் அவ்வளவு கறுப்பாகத் தெரிந்தது எது?

பெரும்பாலும் காற்று. இதை மெதுவாகப் படியுங்கள், தம்பி. இறாலின் உடல் அடர்த்தியில் கடல்நீரிலிருந்து சில வீதம் மட்டுமே வேறுபடுகிறது; ஒலிக்கு அது கண்ணாடியில் ஒட்டிய கண்ணாடி மாதிரி. மீனின் காற்றுப்பையோ நீருக்குள் அடைபட்ட வெற்றிடம் போன்றது. ஒலி அதில் மோதித் திரும்புகிறது. அதற்கு மேல் இன்னொரு விசை இருக்கிறது. காற்றுக் குமிழி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுரம் கொண்டது. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் சிறு கை அசைவுக்கே உயரப் போவதுபோல, அந்தச் சுரத்தில் ஒலி வந்து தொட்டால் குமிழி தன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பலத்துடன் பதில் சொல்லும். ஆழத்தின் அழுத்தம் கூடக்கூட அந்தச் சுரமும் உயர்கிறது. நானூறு மீற்றர் ஆழத்தில், ஒரு மில்லிமீற்றர் அகலமுள்ள குமிழி ஒலிக்கும் சுரம் ஏறத்தாழ 40 கிலோஹேர்ட்ஸ். அதாவது, ஆய்வுக் கப்பல்கள் எல்லாம் ஆழத்துக்கு அனுப்பும் 38 கிலோஹேர்ட்ஸ் ஒலிக்கு மிக அருகில். கொத்தமல்லி விதையைவிடச் சிறிய அந்தக் குமிழி, தன்னைவிட நாற்பது மடங்கு நீண்ட அலைக்குப் பதில் கொடுக்கிறது.

அந்த அளவுக் குமிழியைச் சுமப்பவை எவை? சின்ன விளக்கு மீன்களின் காற்றுப்பை. சைபனோபோர்களில் சில வகைகளின் மிதப்புப் பை. 1963இல் எரிக் பார்ஹாம் ‘திரியெஸ்தே’ ஆழ்கலத்தில் இறங்கி, எதிரொலி அடுக்கு இருந்த ஆழத்தில் சைபனோபோர்கள் திரளாக மிதந்ததைத் தன் கண்ணால் கண்டு எழுதினார். அவற்றின் உடல் ஏறக்குறைய முழுவதும் நீர். தொட்டால் சிதறும். வலையில் ஏற்றினால் நூல் நூலாகப் பிய்ந்த கூழ்தான் மிஞ்சும். ஆனால் எதிரொலிமானிக்கு அவை உரத்துப் பேசுபவை.

இதைப் புரிந்துகொண்டவருக்கு மூன்றாவது கேள்வியின் சிக்கல் தானாகவே விளங்கிவிடும். திரையில் கறுப்பாகத் தெரிவது உயிர் நிறைந்த இடம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது காற்று நிறைந்த இடம். ஒரே நீளமுள்ள இறாலையும் காற்றுப்பை மீனையும் அருகருகே வைத்தால், 38 கிலோஹேர்ட்ஸில் மீனின் எதிரொலி நூறு மடங்கு பலமாக இருக்கலாம். எங்கள் அளவையில் அது இருபது டெசிபல். ஒரு மீனின் குரலுக்குள் நூறு இறால்கள் மறைந்து போகலாம் என்று பொருள். இன்னும் விசித்திரம், விளக்கு மீன்களில் சில வகைகள் வளர வளரக் காற்றுப்பையில் காற்றைக் குறைத்துக் கொழுப்பை நிரப்பிக்கொள்கின்றன. அப்போது குஞ்சின் குரல் பெரிதாகவும் தாயின் குரல் சிறிதாகவும் கேட்கும். எதிரொலியின் பலத்தை எடையாக நேரே மாற்றுகிறவர் இந்த இடத்திலேயே வழுக்கி விழுவார்.

உலக அளவில் இந்த வழுக்கல் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 1980இல் வலை மாதிரிகளை வைத்து, இருநூறு முதல் ஆயிரம் மீற்றர் வரையான இடை ஆழத்தில் வாழும் மீன்கள் ஏறத்தாழ 100 கோடி தொன் என்று கணக்கிட்டார்கள். 2010இல் புறப்பட்டு உலகைச் சுற்றிய ஸ்பெயினின் மலாஸ்பினா பயணத்தில் 38 கிலோஹேர்ட்ஸ் எதிரொலிகளைத் தொடர்ந்து பதிந்தார்கள். அவற்றை வைத்து 2014இல் வெளியான ஆய்வு, அது 1,000 கோடி தொன்னோ அதற்கு மேலோ இருக்கலாம் என்றது. பத்து மடங்கு. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, காற்றுப்பையின் அளவு, சைபனோபோர்களின் பங்கு முதலியவற்றைப் பற்றிய ஐயங்களை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, 180 கோடியிலிருந்து 1,600 கோடி தொன் வரை எதுவும் ஆகலாம் என்றது. உலகக் கடல்களில் ஓராண்டில் பிடிபடும் மொத்த மீன் எட்டுக் கோடி தொன் அளவு என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலைக்கணக்கு குறைவாக வந்ததற்கும் காரணம் உண்டு. மீன்கள் வலையைக் கண்டு விலகிவிடுகின்றன. சிறியவை கண்ணி வழியே நழுவுகின்றன. வலை குறைத்துச் சொல்கிறது, ஒலி கூட்டிச் சொல்லக்கூடும். “ஆயிரம் கோடி தொன் மீன் கிடக்கிறது, போய் அள்ளலாம்” என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அது அள்ளக் கிடக்கும் மீனின் கணக்கு அல்ல. எதிரொலியிலிருந்து ஊகித்த எடை அது. அந்த ஊகத்தில் ஒரு பங்கு சொறிக் கொடிகளின் குமிழி.

அப்படியானால் கணக்கிடவே முடியாதா? முடியும், ஒரே செவியை நம்பாதவரை. முதல் வழி, பல மீடிறன்களை ஒன்றாக அனுப்புவது. இறாலின் எதிரொலி 38இல் மெலிந்தும் 120இல் உரத்தும் இருக்கும். காற்றுப்பை மீனுக்கு அந்த ஏற்றம் இருக்காது. சிலவேளை தாழ்ந்த மீடிறனிலேயே உரக்கப் பேசும். இரண்டையும் கழித்துப் பார்த்தால், யார் குரல் எது என்று ஓரளவு பிரிக்கலாம். அண்மைக் காலக் கருவிகள் ஒரே சுரத்தை மீட்டாமல், கீழ்ச்சுரத்திலிருந்து மேற்சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் துடிப்பை அனுப்புகின்றன. ஒரு மில்லிசெக்கன் நீளமுள்ள பழைய துடிப்பால் முக்கால் மீற்றர் இடைவெளிக்குள் இருக்கும் இரண்டு மீன்களைப் பிரிக்க முடியாது. வழுக்குத் துடிப்பு சில சென்ரிமீற்றர் வரை பிரித்துக் காட்டும்.

இரண்டாவது வழி எனக்கு மிகப் பிடித்தது: கருவியையே கீழே கொண்டுபோவது. கப்பலின் அடியிலிருந்து ஒலி கூம்பு போல விரிந்து இறங்குகிறது. ஏழு பாகை விரிவுள்ள கூம்பு ஐந்நூறு மீற்றர் ஆழத்தில் அறுபது மீற்றர் அகல வட்டமாகிவிடும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒரே குரலில் பேசுகின்றன. தேர்த் திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலை மலையுச்சியில் நின்று கேட்பது போன்றது அது. அதே கருவியை ஆழத்துக்கு இறக்கி, உயிர்களிலிருந்து பத்து மீற்றர் தூரத்தில் நிறுத்தினால் வட்டம் ஒரு மீற்றர் சொச்சம்தான். அப்போது ஒவ்வொன்றாகக் கேட்கலாம். அமெரிக்காவின் கெல்லி பெனுவா-பேர்ட் குழுவினர் 38, 120 கிலோஹேர்ட்ஸ் கருவிகளை ஆளில்லா நீரடிக் கலம் ஒன்றில் பொருத்தி, கலிபோர்னியாக் கடலில் அடுக்குக்குள்ளேயே ஓட்டினார்கள். மேலிருந்து ஒரே பாய் விரித்ததுபோலத் தெரிந்த பட்டை, உள்ளே போனபோது சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரிந்தது. மீன்கள் மீன்களோடும், இறால்கள் இறால்களோடும், கணவாய்கள் கணவாய்களோடும். எல்லாம் கலந்த குழம்பு என்று பல பத்தாண்டுகள் எழுதிவந்தது பிழை.

மூன்றாவது வழி வலை. பழையது, குறையுள்ளது, ஆனாலும் தவிர்க்க முடியாதது. எதிரொலி ஒருபோதும் உயிரின் பெயரைச் சொல்லாது. வலை ஏறியதும் தட்டில் கிடக்கும் விளக்கு மீனைப் பார்க்க வேண்டும் நீங்கள். விரல் நீளம்கூட இல்லை. செதில்கள் எல்லாம் உரசி உதிர்ந்து, உடல் கன்றிப் போயிருக்கும். ஆனால் வயிற்றோரம் வரிசையாக ஒளிப்புள்ளிகள், தாவணி விளிம்பில் தைத்த மணிகளைப் போல. மேலிருந்து வரும் மங்கிய வெளிச்சத்தோடு தன் நிழலைக் கரைத்துக்கொள்ளத்தான் அந்த விளக்குகள். அந்த மீனைக் கீறி, காற்றுப்பையில் காற்று இருக்கிறதா கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே திரையில் உள்ள கறுப்புக்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய ஒரு வேலையை மறந்துவிடக்கூடாது. கருவியின் காதைச் சோதிப்பது. 38.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள தங்குதன் காபைட்டு உருண்டை ஒன்று, உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அதை மூன்று தூண்டில் நரம்புகளில் கட்டி, கப்பலின் இரு பக்கங்களிலிருந்தும் விட்டு, கப்பலின் அடியில் ஒலிக்கூம்பின் நடுவே தொங்கவிட வேண்டும். இறக்குவதற்கு முன் சவர்க்காரத் தண்ணீரில் நனைப்பார்கள். ஒரு சிறு குமிழி ஒட்டியிருந்தால் அளவு பொய்யாகிவிடும். அந்த உருண்டையின் எதிரொலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கணிதத்தால் தெரிந்தது. கருவி காட்டுவது அதோடு பொருந்த வேண்டும். நான் போன ஒரு பயணத்தில் நேரம் இல்லை என்று இதைத் தள்ளிப்போட்டார்கள். திரும்பி வந்து சோதித்தபோது கருவி மூன்று டெசிபல் விலகியிருந்தது. மூன்று டெசிபல் என்றால் உயிர்க்கணக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. எந்த நாளில் விலகத் தொடங்கியது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல், பாதிப் பயணத்தின் தரவை ஒதுக்கிவைத்தோம். இன்றைக்கும் அது என் மனத்தில் உறுத்துகிறது.

நம் கடலுக்கு வருவோம். இலங்கையின் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளம், ஒடுக்கமானது. கொழும்பிலிருந்து படகு சில மணி நேரம் ஓடினாலே ஆழ்கடல் தொடங்கிவிடும். இப்படி வாசலிலேயே ஆழம் கிடைக்கும் பெருநகரங்கள் அதிகம் இல்லை. ஆனாலும் முறையாகக் கேட்டது மிகக் குறைவு. நோர்வேயின் ‘டாக்டர் பிரிட்ஜோப் நான்சன்’ ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை இங்கே எதிரொலி ஆய்வுகளைச் செய்தது. அதே பெயர் தாங்கிய புதிய கப்பல் மட்டக்குளி காக்கைதீவில் இருக்கும் நாராவின் (அரசின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வாளர்களோடு சேர்ந்து திரும்ப வந்தது 2018 ஜூன், ஜூலை மாதங்களில். இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். 2024 தொடக்கத்தில் வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு ஓராண்டுத் தடை வந்தது. அதற்கான அரசியல் காரணங்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சொந்தமாகப் பெரிய ஆழ்கடல் ஆய்வுக் கப்பல் இல்லாத நாட்டில், வரும் கப்பலும் நின்றுபோனால் காது அடைபட்டுவிடுகிறது. நம் இளைஞர்கள் இதைப் படித்து, கருவிகளை நாமே இறக்கும் நிலைக்கு வரவேண்டும் என்பது என் ஆசை.

ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், நீலத்திமிங்கிலத்தைச் சொல்வேன். மிரிஸ்ஸ, தெவுந்தர முனைக்கு அப்பால் மேயும் நீலத்திமிங்கிலங்களின் கழிவிலிருந்து மரபணுவை எடுத்து, இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். மற்றக் கடல்களில் அவை கிரில் என்ற இறால் போன்ற சிறு உயிர்களை உண்பவை. இங்கே பெரும்பகுதி உணவு செர்ஜெஸ்டிட் இறால்கள். சந்தையில் நாம் காயவைத்து வாங்கும் கூனி இறால் அதே குடும்பம். கூனிச் சம்பலில் இருப்பதன் உறவினரைத் தின்று உலகின் மிகப் பெரிய விலங்கு நம் கரையோரம் வாழ்கிறது! அந்த இறால்களுக்குக் காற்றுப்பை இல்லை. 38 கிலோஹேர்ட்ஸ் திரையில் அவை மங்கல். பக்கத்தில் காற்றுப்பை மீன்கள் இருந்தால் முற்றாக மறைந்துவிடும். திமிங்கிலம் எங்கே மேய்கிறது, கப்பல் பாதையை எங்கே தள்ளிவைக்கலாம் என்பதை எல்லாம் தீர்மானிக்க, காற்றின் இரைச்சலுக்குப் பின்னால் இருக்கும் அந்த மெல்லிய குரலைத்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

உங்கள் மாமாவுக்கும் இதில் பங்கு உண்டு. அவர் பிடிக்கும் பெரிய கண்ணுடைய சூரையும் வாள்மீனும் பகலில் அந்தப் பொய்த் தரைக்கு இறங்கி இரை தேடுபவை. நிலாக் காலத்தில் தொழில் மந்தம் என்று அவர் சொல்வாரே, அதற்கும் திரைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். முழுநிலவில் அடுக்கு மேலே முழுதாக வராமல், வெளிச்சத்துக்குக் கீழே தங்கிவிடும்.

அடுத்த பயணத்தில் இதைச் செய்யுங்கள். படகின் கருவியில் 50, 200 கிலோஹேர்ட்ஸ் இரண்டும் இருந்தால், ஆழத்துக்கு 50ஐ மட்டும் பாருங்கள். இருட்டியபின் அடுக்கு மேலே வந்ததும் 200ஐயும் பக்கத்தில் போட்டு ஒப்பிடுங்கள். 50இல் மங்கி 200இல் கறுத்தால் இறாலும் துடுப்புக்காலியுமாக இருக்க வாய்ப்பு. இரண்டிலும் கறுத்தால் காற்றுப்பை மீன். உணர்திறனைத் தானியங்கியில் விடாதீர்கள். ஒரே இலக்கத்தில் பூட்டிவையுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய கறுப்பையும் இன்றைய கறுப்பையும் ஒப்பிட முடியாது. பிற்பகல் ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடியுங்கள். நேரம், இடம், நிலவின் நாள், வானம் மூடியிருந்ததா என்பதை ஒரு கொப்பியில் குறியுங்கள். மாமாவின் தூண்டிலில் ஏறிய மீனின் வயிற்றைக் கீறும்போது உள்ளே இருக்கும் சிறு மீன்களையும் இறால்களையும் மதுசாரம் ஊற்றிய போத்தலில் போட்டுவையுங்கள். உங்களுக்கு ஆழ்கடல் வலை அதுதான். படங்களை எனக்கு அனுப்புவதானால், மூலையில் தெரியும் மீடிறனும் உணர்திறன் இலக்கமும் வெட்டுப்படாமல் பிடியுங்கள்.